மருமகன் தூங்க ஒரு கூரை

கரைத்தீவு
24.02.2013

சம்மந்தி முஸம்மில் நானாவுக்கு, றம்லா எழுதுவது. ஸலாம்.

போனில் கதைத்தால் என் பங்கையும் நீங்களே கதைத்துவிடுகிறீர்கள். போன கிழமை எடுத்தபோது வாயைத் திறந்த நேரமெல்லாம் மதுரங்குளிச் சந்தியில் லொறி புரண்ட கதைதான் கேட்டேன். கடிதத்தில் யாரும் குறுக்கே விழ ஏலாது. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இது. நம் வழக்கப்படி கல்யாணத்தோடு மகன் மஸாஹிர் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவனுக்கு முந்தல் இறால் பண்ணையில் இரவு வேலை. ஊர் உறங்கும்போது தண்ணீரைக் கிளறும் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊர் எழும்பிய பிறகுதான் அவனுக்குத் தூக்கம். நீங்கள் கொடுத்த மேல் அறைக்குத் தலையில் வெறும் தகரம், அதன் கீழ் மெல்லிய பலகை சீலிங். நடுப்பகலில் அந்தக் கட்டிலில் பாண் வேகும்.

வியாழக்கிழமை இங்கே வந்தான். அடுப்படிக் குசினியில் பாயை விரித்துப் படுத்தவன் அஸர் தொழுகைக்குத்தான் எழும்பினான். “உம்மா, அங்க தூங்க ஏலாது. ஆனா மாமாட்ட சொல்லிராதீங்க, பாவம், பெருமையா கட்டின அறை” என்றான். சொல்லவேண்டாம் என்றதால்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிலாவத்துறையில் எங்கள் காணியைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டார்கள். தொண்ணூறில் எங்களைத் துரத்தியபோது விட்டுவிட்டு வந்த மண். நான் திரும்பிப் போகப்போகிறேன். மஸாஹிரை வா என்று கூப்பிடவில்லை. உன் இடம் உன் பெண்சாதியின் வீடு என்றுதான் சொன்னேன். ஆனால் தூங்க முடியாத மனிதன் தூங்க முடிகிற இடத்துக்குத்தான் போவான். போனால் உங்கள் மகள் நுஸ்ராவும் கூடப் போவாள். ஒரே பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்க விரும்பினால் கூரையைப் பாருங்கள்.

றம்லா


மதுரங்குளி
03.03.2013

மதிப்புக்குரிய சம்மந்திக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். எனக்கு அது போய் ஒரு கிழமையாகிறது.

கடிதத்தை எங்கள் வீட்டுக்காரி நஃபீஸாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நான் சொன்னப்ப கேட்டீங்களா? மாடி வேணும், மாடி வேணும் எண்டு நிண்டீங்க” என்று தொடங்கினாள். உண்மைதான். எங்கள் ஒழுங்கையில் மேல் அறை உள்ள ஒரே வீடு இது. கட்டி முடித்த அன்று உச்சியில் நின்று ஊரைப் பார்த்தேன். வெயில் என்னைப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

உடனே வேலையில் இறங்கினேன். நான் வேலையில் இறங்குவது என்றால் பத்துப் பேரிடம் கதைப்பது என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் முந்தல் இரத்தினத்தின் ஹார்ட்வெயார் கடையில் போய் நின்றேன். உடப்பு ஊர்க்காரர், வாடிக்கையாளன் பேசும்வரை பேசவிட்டு, களைத்த பிறகு சாமானை எடுத்துப் போடுகிறவர். என்னிடம் அவருக்குப் பகல் சாப்பாடே பிந்திவிட்டது. மூன்று சாமான் காட்டினார்.

முதலாவது, வெள்ளை ரெஜிபோம் பலகை. தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கிறது. ஆனால் நெருப்புப் பட்டால் பற்றுமாம், எலியும் விரும்பிக் கடிக்குமாம். எங்கள் வீட்டு எலிகளுக்கு நான் ஏற்கெனவே போதிய உபகாரம் செய்திருக்கிறேன்.

இரண்டாவது, கண்ணாடிப் பஞ்சு. பஞ்சு என்றால் பஞ்சுதானே என்று ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையணையாக வைத்துக் கண்ணயர்ந்து பார்த்தேன். சோதித்துப் பார்க்காமல் மருமகனுக்கு ஒன்றைக் கொடுக்கலாமா? அதன் பிறகு ஜும்ஆத் தொழுகையில் நான் கழுத்தைச் சொறிந்த சொறியில் முன் வரிசையே எனக்கு இடம் விட்டது. இரத்தினத்திடம் சொன்னேன். “ஐயா, அதைக் கையுறை போட்டுத் தொடோணும். தலைக்கு வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?” என்றார்.

மூன்றாவது, வெள்ளிபோல் மின்னும் தாள். வெக்கையைத் திருப்பி அனுப்புமாம். பிரியாணிப் பொதி சுற்றுகிற தாளின் பெரியப்பா மகன்போல் இருந்தது. நம்பிக்கை வரவில்லை.

திரும்பி வரும்போதுதான் எனக்கு வெளித்தது. நான் தேங்காய் வியாபாரி. ஒரு இளநீர் உச்சி வெயிலில் மரத்தில் தொங்குகிறது. வெட்டிக் குடித்தால் குளிர்கிறது. எதனால்? மட்டையில் உள்ள தும்பினால்! இறைவன் செய்து காட்டிய வேலையை விட்டுவிட்டு இரத்தினத்தின் கடைக்கு ஏன் போனேன்? எங்கள் வளவுக்குப் பின்னால் தும்பு மில். தும்புத்தூள் மலைபோல் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போனால் துஆச் செய்வார்கள். சீலிங்குக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பரப்பப்போகிறேன்.

இனி உங்கள் மகன் இளநீர்போல் இருப்பார்.

முஸம்மில்


கரைத்தீவு
10.03.2013

முஸம்மில் நானாவுக்கு,

தும்புத்தூளை நாற்றுமேடைக்குப் போடுகிறார்கள். ஏன் போடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் என்பதற்காக. உங்கள் தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்றுகூட இல்லை என்றால் போடுங்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அகதி முகாமில் நெடுநாள் தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழ் இருந்தோம். மழைக்கு நனைந்தோம், காற்றுக்குப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆனால் வெயிலுக்கு வேகவில்லை. பிறகு தகரம் கொடுத்தார்கள், அன்றுதான் வெந்தோம். நான் தகரத்துக்கு மேலே பழையபடி கிடுகைப் போட்டேன். மழையைத் தகரம் பார்த்துக்கொண்டது, வெயிலைக் கிடுகு பார்த்துக்கொண்டது. இன்றைக்கும் என் குசினிக்கு அப்படித்தான். உங்கள் மருமகன் வந்து தூங்கியது அதன் கீழேதான்.

வெயிலைத் தகரத்தில் படவிட்டு அதன் பிறகு உள்ளே நின்று மல்லுக்கட்டுவதைவிட, படாமல் மறிப்பது நல்லது.

றம்லா


மதுரங்குளி
19.03.2013

சம்மந்திக்கு,

உங்கள் கடிதம் வருமுன்னமே தூள் ஏறிவிட்டது. நானே தூவினேன். கீழே இறங்கியபோது நஃபீஸா என்னை அடையாளம் தெரியாமல் “யாரப்பா நீ, மொதலாளி உள்ள இல்ல” என்றாள்.

ஆனால் பலன் இருக்கிறது! மஸாஹிர் நேற்று லுஹர் தொழுகை தாண்டியும் தூங்கினார். நான் படியில் காதை வைத்துக் குறட்டையைக் கேட்டேன். எந்தக் கஸீதாப் பாட்டும் எனக்கு அப்படி இனித்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

கிடுகு விஷயத்தை நஃபீஸாவிடம் சொன்னேன். “மாடி வீட்டுத் தலையில கிடுகா? அகதி முகாம் போட்டிருக்காங்க எண்டு ஊரே கதைக்கும்” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெண்களுக்குத்தான் எப்படியெல்லாம் தோன்றுகிறது!

நோன்புக்கு முன் ஒரு தரம் வந்து அறையைப் பாருங்கள்.

முஸம்மில்


கரைத்தீவு
25.03.2013

முஸம்மில் நானாவுக்கு,

மகன் தூங்குவது சந்தோஷம்.

கிடுகைப் பற்றி இனி எழுதமாட்டேன். நஃபீஸா தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அது அவளுடைய உரிமை. நீங்கள் சிரித்ததை எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கல்யாணம் பேச வந்தபோது “எங்கிருந்து வந்தாலென்ன, எல்லாரும் ஒரே உம்மத்துத்தானே” என்று நீங்கள் சொன்னது என் காதில் இருக்கிறது.

காணி துப்புரவாகிவிட்டது. வீட்டுத் திட்டத்தில் என் பெயரும் வந்திருக்கிறது.

றம்லா


மதுரங்குளி
21.04.2013

சம்மந்தி றம்லா அவர்களுக்கு,

மஸாஹிர் அங்கே வந்து சேர்ந்திருப்பார். என்ன நடந்தது என்று சொல்லியிருக்க மாட்டார், மரியாதையான பிள்ளை. நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் மழை கொட்டியது. ஓட்டை இருந்தது. எத்தனை என்று எண்ணவில்லை. தூள் குடித்தது. நீங்கள் சொன்னபடியே, ஒரு சொட்டும் கீழே விடாமல், நன்றியுள்ள மிருகம்போல் குடித்துக்கொண்டே இருந்தது. நான் கீழே கதிரையில் இருந்து, “பார்த்தியா நஃபீஸா, ஒழுகவே இல்ல” என்று சொல்லி வாய் மூடவில்லை. மேலே ஒரு சத்தம். கிணற்றுக்குள் மாடு விழுந்தாற்போல.

ஓடிப் போனோம். சீலிங் முழுவதும் கட்டிலில். நல்லவேளை, ஈரத்தூள் மெத்தைபோல் விழுந்ததால் பலகை அவர்மேல் அடிக்கவில்லை. நுஸ்ரா கத்திக்கொண்டே கையால் தோண்டினாள். மஸாஹிர் எழும்பி உட்கார்ந்தார். தலையில், மீசையில், காதில் எல்லாம் தூள். என்னைப் பார்த்தார். “மாமா, இப்ப நல்ல குளிரா இருக்கு” என்றார்.

அந்த நேரம் ஒரு தரமாவது என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குளித்துவிட்டு, “உம்மாவப் பார்த்துட்டு வாறேன்” என்று பஸ் ஏறினார். எப்போது வருவார் என்று நுஸ்ரா கேட்கவில்லை. அவளும் ஒரு பையில் உடுப்பை மடித்து வைத்திருக்கிறாள். பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தால் வாப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

இனி மற்ற விஷயம். நஃபீஸா வாய் தவறிச் சொன்னாள். நான் உட்கார்ந்து, பேனை எடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பினேன். இரண்டில் எது பெரிய மடத்தனம் என்று எனக்குத் தெரிகிறது. என் வாய்க்குப் பூட்டில்லை என்று ஊர் சொல்லும். கைக்கும் இல்லை என்று இப்போது தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நஃபீஸா நேற்றுச் சொன்னது இது. இதையும் அவள் அனுமதி இல்லாமல்தான் எழுதுகிறேன்: “கிடுகோ கம்பளமோ, புள்ள போகாம இருந்தாப் போதும். அவங்கட்டக் கேளுங்க எப்படிக் கட்டுற எண்டு.”

ஆகவே கேட்கிறேன். எப்படிக் கட்டுவது?

முஸம்மில்


கரைத்தீவு
02.05.2013

முஸம்மில் நானாவுக்கு,

முதலில் ஓட்டைகளை அடையுங்கள். பிறகு தகரத்தின் மேல் கம்புகளைக் கிடத்திக் கட்டுங்கள். கிடுகு கம்பில் இருக்கவேண்டும், தகரத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஈரம் தங்கித் தகரம் துருப்பிடிக்கும். இடையில் காற்றும் ஓடாது. கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், உங்கள் பக்கக் காற்று பொல்லாதது. அடுப்புப் புகைபோக்கி கிட்ட இருந்தால் அந்தப் பக்கம் போடவேண்டாம். வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றவேண்டி வரும்.

உள்ளே வேறு ஏதாவது போட ஆசை விடாது உங்களுக்கு. அந்த மின்னும் தாளைப் போடுங்கள். மஸாஹிர் இரத்தினத்திடம் விசாரித்தான். தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே கையளவு இடைவெளி வேண்டுமாம்; ஒட்டிப்போட்டால் அது வெறும் அலங்காரமாம். இரண்டு பக்கச் சுவரின் உச்சியிலும் துவாரம் விட்டு வலை அடியுங்கள். மேலே ஏறிய வெக்கை வெளியே போக வழி வேண்டாமா? அடைத்து வைத்தால் மனிதருக்கே மூச்சு முட்டும்.

மகனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்ததும் நானும் ஒரு நாள் வருகிறேன்.

றம்லா


மதுரங்குளி
24.07.2013

சம்மந்திக்கு,

நோன்பு எப்படிப் போகிறது?

நீங்கள் அன்று வந்து, அந்தக் கட்டிலில் நடுப்பகலில் படுத்துப் பார்த்து, “பரவாயில்லை” என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லை நான் ஊரெல்லாம் சொன்னேன். அதுதான் பிழையாகிவிட்டது.

நோன்பு வெயிலுக்கு முதலில் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர் “சும்மா பார்க்க” வந்தார். அஸர் வரை பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு. அடுத்த நாள் இன்னும் சிலரோடு வந்தார். நானும் விளக்கம் சொல்வதற்காகக் கூடவே படுத்தேன். தாள் எங்கே, துவாரம் எங்கே, கிடுகின் தத்துவம் என்ன. விளக்கம் சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் தூங்குகிறவன் நான்தான். இப்போது நஃபீஸாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கேட்டு, அவர்களுக்கென்று காலை நேரம் ஒதுக்கியாயிற்று. கிடுகைப் பார்த்து ஊர் கதைக்கும் என்று பயந்தவள், இப்போது “எங்கட சம்மந்தி சொல்லித் தந்தது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள்.

நேற்றுக் காலை தேங்காய்க் கொட்டிலில் ஒரு சாக்கு அசைந்தது. கம்பை எடுத்துக்கொண்டு போனேன். மருமகன். கொப்பராவுக்கு நடுவில் தூங்குகிறார்.

“என்ன மகன் இங்க?”

“மேல ஆக்கள் இருக்காங்க மாமா.”

உடனே மேலே போய் எல்லாரையும் எழுப்பினேன். அறைக்குப் பூட்டும் போட்டேன், சாவி நுஸ்ராவிடம். இப்போது என் மேல் ஊருக்குக் கோபம். பரவாயில்லை. உங்கள் மகன் தூங்குகிறார். அதுவல்லவா கணக்கு?

சிலாவத்துறை வீடு எந்த அளவில்? மெதுவாகக் கட்டட்டும். அவசரமாகக் கட்டிய வீடு ஆரோக்கியமில்லை என்பார்கள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், இப்போதுதான் நான் சொன்னேன்.

முஸம்மில்


கரைத்தீவு
15.09.2013

முஸம்மில் நானாவுக்கு,

இதை உங்களிடம் முதலில் சொல்லவேண்டியவன் மஸாஹிர். அவனுக்கு வாய் வரவில்லை. “கூரையப் பார்க்கிற நேரமெல்லாம் மாமாட முகம் தெரியுது” என்கிறான்.

பண்ணையில் இறாலுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்ததை அறிவீர்கள். தொட்டியெல்லாம் வற்றவிட்டுக் காயப்போட்டிருக்கிறார்கள். திரும்ப எப்போது தொடங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு இரவு வேலை இல்லை. பகலில் தூங்க வேண்டிய தேவையும் இல்லை.

சிலாவத்துறையில் அவன் வாப்பாவின் வயல் இருக்கிறது. இந்த மழைக்கு விதைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காடாகக் கிடக்கும். போகிறேன் என்கிறான். நுஸ்ராவும் போகிறேன் என்கிறாள்.

நான் கூப்பிடவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். “பெண் வீட்டை விட்டு மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தால் எங்களைத்தான் குறை சொல்வார்கள்” என்றேன். “உம்மா, நீங்க ஊரில்லாம இருந்து பார்த்தீங்க, வேலையில்லாம வீட்டோட இருக்கிற மருமகனா இருந்து பார்க்கல்ல” என்றான்.

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் அவனிடம் சொல்லுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

றம்லா


மதுரங்குளி
06.10.2013

சம்மந்திக்கு,

தேங்காய்க் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று மஸாஹிரிடம் சொல்லிப் பார்த்தேன். “மாமா, அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. நீங்கதான்” என்றார். உண்மை. பிறகு நுஸ்ராவிடம், அந்தப் பக்கம் யானை வருமே என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். “வாப்பா, நான் போறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க பகிடி விட்டா அழுதுருவேன்” என்றாள். ஆகவே விடவில்லை. என் ஆயுளில் அப்படி ஒரு மணித்தியாலம் இருந்ததில்லை.

ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் யோசிக்கவேண்டாம். ஊருக்கு இந்தச் செய்தியைச் சொல்லவேண்டியவன் நான்தானே. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். வயல்கார மருமகன் என்று சொல்லியிருக்கிறேன். ஏக்கரைக் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வீட்டுக்கு என்ன கூரை? தகரமா, அஸ்பெஸ்டோஸ் ஷீற்றா? எந்தப் பக்கம் சரிவு? மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழும்? உச்சியில் துவாரம் விட்டார்களா, அடைத்துவிட்டார்களா? திட்ட வீடுகளில் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள். மேசன் பாஸுக்குச் சொல்லுங்கள், பூசு வேலைக்கு முன்னம் விடவேண்டும், பிறகு உடைப்பது பாடு.

இரத்தினத்திடம் அந்த மின்னும் தாளில் புதுச் சுருள் ஒன்று எடுத்திருக்கிறேன். பழையதைக் கழற்றவில்லை, நஃபீஸா விடமாட்டாள். ஆனால் அவள் மேலே போவதும் இல்லை. சுருளைப் பிள்ளைகளோடு பஸ்ஸில் அனுப்புகிறேன். மடக்கினால் பாழ், நிற்கவைத்துக் கொண்டுவரச் சொன்னேன். மின்னுகிற பக்கம் இடைவெளியைப் பார்த்து இருக்கவேண்டும். கையளவு. நுஸ்ராவின் கை இல்லை, மஸாஹிரின் கை.

அவளுக்கு மதியத்தில் தலையிடி வரும். சின்னதிலிருந்தே உண்டு. நான் இதுவரை அதைச் சொல்லவில்லை. கல்யாணம் பேசும்போது சொல்கிற விஷயமா அது? இப்போது சொல்கிறேன். அறை குளிராக இருந்தால் வராது.

முஸம்மில்


சிலாவத்துறை
22.12.2013

முஸம்மில் நானாவுக்கு,

முகவரியைப் பாருங்கள். எழுதும்போது எனக்கே கை நின்றது.

தாள் போட்டாயிற்று. மஸாஹிர் ஏணியில் நின்றான், நுஸ்ரா கீழே நின்று ஏவினாள். “கையளவு எண்டா கையளவு, விரலளவு இல்ல!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வளவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். யாருடைய மகள் என்று கேட்டார்கள். சொன்னேன். துவாரமும் விட்டாயிற்று. நீங்கள் சொன்னபடி பாஸ் அடைக்கத்தான் இருந்தார். நடுப்பகலில் நுஸ்ரா நன்றாகப் படுக்கிறாள். தலையிடி வந்தது ஒரு தரம். கல்யாண வீட்டுக்குப் போய் வெயிலில் நின்றதால்.

விதைப்பு முடிந்தது. பாதி வயல்தான் ஏலுமானது. மீதி இன்னும் பற்றைக்காடு. மழை பரவாயில்லை.

வீட்டுத் திட்டத்தில் இரண்டு அறைதான் தந்தார்கள். நான் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக் கட்டுகிறேன். என் தையல் மெஷினுக்கு அறையா என்று மகன் கேட்டான். இல்லை என்றேன். வழக்கம் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கு அறை கட்டுவார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அறை கட்டியதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாததால் யாரிடமும் யோசனை கேட்கவும் முடியவில்லை.

சுவர் எழும்பிவிட்டது. கூரை இன்னும் போடவில்லை. என்ன போடுவது என்று நீங்கள் நஃபீஸாவைக் கூட்டிக்கொண்டு வந்து, நடுப்பகலில் உள்ளே நின்று பார்த்துச் சொல்லுங்கள்.

றம்லா